படுவான்கரைச் சிறுவரும் நீர் ரொக்கெட்டும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே கிடக்கும் நிலப்பரப்பைப் படுவான்கரை என்று வழங்குவர். ஞாயிறு படுகின்ற திசையிலுள்ள கரை என்பது அதன் பொருள். களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து அக்கரை சேர்வோர், வயல்களின் நடுவே செல்லும் வீதியிற் போரதீவுப்பற்றின் ஊர்களைக் கண்டு வெல்லாவெளியை அடைவர். பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்த மாசி, பங்குனி மாதங்களில் அங்கே நின்று நோக்கினால், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வட்டை வெறுமையாய்க் கிடக்கும். வானத்தை மறைக்க மலையும் இல்லை, மாளிகையும் இல்லை. மேலே எதையேனும் எறிந்து பார்க்க விரும்பும் சிறுவனுக்கு இதனிற் சிறந்த களம் வேறெங்கும் கிடையாது.

ஆயினும் அவ்வூர்ச் சிறுவர்க்கு வெடியோசை புதியதன்று. இரவிலே யானை வேலியைத் தாண்டி வந்தால் அதனை விரட்ட யானைவெடி கொளுத்தப்படுகின்றது. அவ்வெடி பல வீடுகளில் இறப்பிலோ பெட்டியிலோ பத்திரமாக வைக்கப்பட்டிருக்கும். அது எங்கே இருக்கிறதென்பது அவ்வீட்டுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். காட்டுப்பன்றிக்கென இரையினுள் மறைத்து வைக்கும் வெடியைப் பற்றியும், அது சட்டத்துக்கு மாறானதென்று அறியாமலே, அவர்கள் கேள்விப்பட்டிருப்பர். மூத்தோரின் நினைவோ இன்னும் கனமானது. 2007ஆம் ஆண்டு வரை போர் நிகழ்ந்த நிலம் அது. மட்டக்களப்பு மாவட்டத்திற் கண்ணிவெடி அகற்றும் பணி நிறைவெய்தியதென்று 2017ஆம் ஆண்டிலேதான் அறிவிக்கப்பட்டது. அதுவரை ஒரு தலைமுறை ஆசிரியர்கள், ‘இரும்புக் குழாய் எதையும் கண்டாற் தொடாதே, தள்ளி நின்று பெரியவர்க்குச் சொல்’ என்று வகுப்புத்தோறும் கற்பித்து வந்தனர்.

அத்தகைய ஊரிலே பள்ளிக்கூடம் ஒன்று பிள்ளைகளைக் கூட்டி வைத்து, ரொக்கெட்டுச் செய்யும் பயிற்சி நடத்துவது தகுமா என்ற கேள்வி எழுவது இயல்பே. அது பொருளற்ற அச்சமும் அன்று. ரொக்கெட்டு என்பது பிறப்பிலேயே போர்க்கருவி. தமிழ்நாட்டிலே காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள புள்ளலூரில் 1780ஆம் ஆண்டு செப்டெம்பர் 10ஆம் திகதி நடந்த போரில், ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் மைசூர்ப் படை ஆங்கிலேயக் கும்பினிப் படையின்மேல் ரொக்கெட்டுகளை ஏவி வென்றது. அவற்றின் சிறப்பு இரும்புக் குழாயிலே இருந்தது. கடதாசிக் குழாய் தாங்காத அமுக்கத்தை இரும்பு தாங்கிற்று. ஆதலால் அவை நெடுந்தூரம் பாய்ந்தன. 1799இல் ஸ்ரீரங்கபட்டணம் வீழ்ந்தபின் அவற்றுட் சில இங்கிலாந்துக்குச் சென்றன. கொங்கிரீவ் என்பார் அவற்றைத் தழுவித் தம் நாட்டுப் படைக்கு ரொக்கெட்டுகளைச் சமைத்தார். போர்வீரனுக்கு வலிமை தந்த அதே இரும்புக் குழாய், மருந்தை அடைத்து விளையாடும் சிறுவன் கையில் வெடித்தால், சிதறும் ஒவ்வொரு துண்டும் ஒரு கத்தியாகிவிடும்.

இவ்வபாயம் 1950களில் அமெரிக்காவிலே பெரிதாக உணரப்பட்டது. வான்வெளிப் பயணம் பற்றிய பேச்சு எங்கும் பரவியிருந்த காலம் அது. 1957 ஒக்டோபர் 4ஆம் திகதி சோவியத்து நாடு ஸ்புட்னிக் என்னும் செயற்கைத் துணைக்கோளை ஏவியதும் அவ்வார்வம் பன்மடங்காயிற்று. உலோகக் குழாய்களிலே கண்ட கண்ட இரசாயனங்களை அடைத்து ஏவ முயன்ற இளைஞர் பலர் விரலை இழந்தனர், கண்ணை இழந்தனர், உயிரையே இழந்தோரும் உளர். தடை செய்துவிட்டாற் போதும் என்று சொன்னவர்கள் அங்கும் இருந்தார்கள். ஆனால் வைற் சாண்ட்ஸ் ஏவுகணைக் களத்திலே பணியாற்றிய ஹாரி ஸ்டைன் என்பவர் வேறு விதமாக எண்ணினார். அவர் இவ்வபாயத்தைப் பற்றி 1957இன் தொடக்கத்தில் ஒரு சஞ்சிகையில் எழுதியதைப் படித்த ஓர்வில் கார்லைல் என்னும் சப்பாத்துக் கடைக்காரர், தாமும் தம் உடன்பிறந்தாரும் 1954இலேயே கடதாசிக் குழாயாற் செய்திருந்த சிறு ரொக்கெட்டுகளை அவருக்கு அனுப்பினார். மாதிரி ரொக்கெட்டு என்னும் கலை இவ்வாறே பிறந்தது. அதன் முதல் விதி எளியது: உடலில் உலோகம் கூடாது; மருந்தைச் சிறுவர் கலக்கவே கூடாது; தொழிற்சாலையில் அளந்து அடைத்து வரும் சிறு இயந்திரத்தையே பயன்படுத்தவேண்டும். ஆர்வத்தை அடக்குவதற்குப் பதிலாக அதற்கொரு வாய்க்கால் வெட்டிக் கொடுத்தார்கள் எனலாம்.

அவ்வியந்திரம் வெல்லாவெளிக் கடைத்தெருவில் வாங்கக் கிடைக்கும் பொருளன்று. இலங்கையில் வெடிபொருள்கள் 1956ஆம் ஆண்டின் சட்டத்தால் இறுகக் கட்டுப்படுத்தப்பட்டவை; அக்கட்டுப்பாடு இருப்பதே நல்லது. தீக்குச்சி மருந்தைச் சுரண்டிச் சேர்த்துப் பார்ப்போம் என்று எந்த ஆசிரியரும் எண்ணலாகாது. அதனைச் செய்து காட்டும் ஆசிரியர் ஒருவர், யானைவெடியைப் பிரித்துப் பார்க்கும் துணிவைப் பத்துப் பிள்ளைகளுக்கு ஊட்டிவிடுகிறார்.

மருந்து வேண்டாமலே பறக்கும் ரொக்கெட்டு ஒன்று உண்டு. சோடாப் போத்தலும், தண்ணீரும், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்புமே அதற்குத் தேவையானவை. இதனை விளையாட்டுப் பொருள் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. ஆசிய பசிபிக் நாடுகளின் விண்வெளி நிறுவனங்கள் கூடும் மாநாட்டையொட்டி 2005ஆம் ஆண்டு முதல் மாணவர்க்கு நீர் ரொக்கெட்டு நிகழ்ச்சி நடத்தப்பட்டு வருகின்றது. இலங்கையில் இத்துறையைப் பேணுவது மொறட்டுவையிலுள்ள ஆதர் சி. கிளார்க் நவீன தொழினுட்ப நிறுவனம். இலங்கையின் முதலாவது செயற்கைத் துணைக்கோளாகிய இராவணா 1, ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நிறையுடையது. இரு இலங்கைப் பொறியியலாளர் யப்பானிலே கற்றபோது உருவாக்கிய அது, 2019 ஏப்பிரல் மாதத்தில் விண்ணுக்குச் சென்று, யூன் மாதத்திற் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. ஒரு போத்தல் தண்ணீரின் அளவே நிறையுள்ள பொருள் என்று சொன்னாற் பிள்ளைகள் அதனைக் கையிலே உணர்ந்துகொள்வர்.

இனி, பயிற்சியை நடத்தும் முறை. இருபத்துநான்கு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். நால்வர்க்கு ஒரு குழு போதும். ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரையிலுள்ளோர் இதற்கு ஏற்றவர். போத்தலைத் தேர்வதிற் கவனம் வேண்டும். சோடா, இனிப்புப் பானம் ஆகியன அடைத்து வரும் ஒன்றரை லீற்றர்ப் போத்தல் உள்ளமுக்கத்தைத் தாங்கவென்றே செய்யப்பட்டது. குடிதண்ணீர் அடைத்து வரும் மெல்லிய போத்தல் அவ்வாறு செய்யப்பட்டதன்று. கீறல் விழுந்ததும், வெயிலிற் கிடந்து வெளுத்ததும் ஆகா. போத்தலைச் சூடாக்கி ஒட்டுதலும் ஆகாது, ஒட்டுநாடா போதும்.

ஏவுபீடம் ஒன்றே பள்ளிக்கு வேண்டும். தண்ணீர்க் குழாய் பூட்டும் பி.வி.சி. துண்டுகளாலும், போத்தலின் கழுத்தைச் சுற்றிப் பிடிக்கும் நைலோன் பட்டிகளாலும், அப்பட்டிகளை இறுக்கி வைத்திருக்கும் ஒரு வளையத்தாலும் அதனைச் செய்யலாம். வளையத்திற் கட்டிய கயிற்றைத் தொலைவில் நின்று இழுத்தால், பட்டிகள் விலகிப் போத்தல் விடுபடும். ஊரிலுள்ள குழாய் வேலைக்காரரும் சைக்கிள் திருத்துபவரும் ஒரு மாலைப்பொழுதில் இதனை ஆக்கித் தருவர். அவர்களையும் பயிற்சிக்கு அழைப்பது பொருத்தம். பிள்ளைகளைத் தொட விடுமுன் ஆசிரியர் தாமே பத்து முறையாவது ஏவிப் பார்த்திருத்தல் வேண்டும்.

முதலில் எழுப்பவேண்டிய கேள்வி, போத்தலில் எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது என்பது. விடையை ஆசிரியர் சொல்லிவிட்டாற் பயிற்சி அங்கேயே செத்துவிடும். ‘நிறைய ஊற்றினால் நிறையப் பறக்கும்’ என்று சில பிள்ளைகள் நிச்சயமாகச் சொல்லுவர். ‘தண்ணீர் பாரம், ஊற்றாமலே விட்டால் இன்னும் மேலே போகும்’ என்று வேறு சிலர் வாதிப்பர். ஒவ்வொரு குழுவும் தன் எண்ணத்தை முன்கூட்டியே எழுதி வைக்கட்டும். பின்னர் வெறும் போத்தல், கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு, அரைப் பங்கு, முக்காற் பங்கு என வரிசையாக ஒரே அமுக்கத்தில் ஏவிப் பார்க்கட்டும். வெறும் போத்தல் ‘சட்’டென்று எழுந்து சோர்ந்து விழும், முக்காற் பங்கு நிறைந்தது நீரைக் கொட்டிக்கொண்டு தள்ளாடும், மூன்றில் ஒரு பங்குக்கு அணித்தானவை உயரச் செல்லும். காற்று வில்லைப் போன்றது. சுருங்கி நின்று விரியும் ஆற்றல் அதனிடம் உள்ளது. தண்ணீரோ எறியப்படும் கல்லைப் போன்றது. வில்லுக்கும் இடம் வேண்டும், கல்லுக்கும் கனம் வேண்டும். இரண்டுக்கும் ஒரே போத்தலுக்குள் இடம் பங்கிடவேண்டியிருக்கின்றது என்பதைப் பிள்ளைகள் தம் அட்டவணையிலிருந்தே கண்டுகொள்வர்.

அடுத்து, ரொக்கெட்டை மேலே தள்ளுவது எது? ‘தண்ணீர் நிலத்தில் மோதித் தள்ளுகிறது’ என்பார் பலர். இத்தவறு சிறுவர்க்கே உரியதன்று. 1920ஆம் ஆண்டிலே அமெரிக்க அறிஞர் ரொபேட் கொடாட்டைக் கேலி செய்த நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை, வெற்றிடத்திலே தள்ளுவதற்கு எதுவும் இல்லையாகையால் ரொக்கெட்டு அங்கே இயங்காது என்று ஆசிரியவுரை தீட்டிற்று. மனிதர் சந்திரனை நோக்கிப் புறப்பட்ட மறுநாள், 1969 யூலை 17ஆம் திகதி, அப்பத்திரிகை தன் பிழையைத் திருத்திக்கொண்டது. படுவான்கரைப் பிள்ளைக்கு இதனை விளக்கத் தொலைவு செல்லவேண்டா. வாவியிலே தோணியின் முனையில் நிற்பவன் கரைக்குத் தாவினால் தோணி பின்னே போகின்றது. தாவுபவன் தோணியைத் தள்ளுகிறான், தோணி அவனைத் தள்ளுகிறது. கரை அங்கே எதையும் செய்யவில்லை. நியூற்றன் 1687இல் வெளியிட்ட நூலில் தாக்கம், மறுதாக்கம் என்று வகுத்துரைத்த விதியை அப்பிள்ளை பலமுறை காலாலே உணர்ந்திருக்கிறான். பெயர் மட்டுந்தான் புதிது.

செட்டை ஒட்டும் வேலையிற் பிள்ளைகளின் கைத்திறன் வெளிப்படும். மட்டையிலோ பழைய கோப்புறையிலோ மூன்று அல்லது நான்கு செட்டைகள் வெட்டிப் போத்தலின் கழுத்துப் பக்கத்திலே ஒட்டவேண்டும். பறக்கும்போது அதுவே வாற்புறம். முனையிலே கடதாசிக் கூம்பு வைத்து அதனுள் சிறிது களிமண்ணை அடக்கலாம். கல்லோ உலோகமோ கூடாது. திருவிழாவில் ஏற்றும் ஆகாயவாணத்துக்கு நீண்ட குச்சி கட்டியிருப்பது ஏன் என்று இவ்விடத்திற் கேட்கலாம். குச்சி செய்யும் வேலையையே செட்டையும் செய்கிறது. ரொக்கெட்டின் பாரம் முன்னே இருக்கவேண்டும். காற்றுப் பிடிக்கும் பரப்புப் பின்னே இருக்கவேண்டும். அவ்வாறு அமைந்துள்ளதா என்று பறக்கவிடாமலே சோதிக்க ஒரு வழி உண்டு. தண்ணீர் இல்லாத ரொக்கெட்டை விரலிலே சமனாக நிற்கச் செய்து, அந்த இடத்தில் நூலைக் கட்டித் தலைக்குமேற் சுழற்ற வேண்டும். முனை முன்னோக்கிச் செல்லுமானால் அது நேரே பறக்கும். குப்புறப் புரளுமானால் முனைக்கு இன்னும் களிமண் வேண்டும், அல்லது செட்டை பெரிதாக வேண்டும். தன் ரொக்கெட்டு இச்சோதனையில் தோற்றதைக் கண்டு தானே திருத்தும் சிறுமி, அன்றைய பாடத்தின் பெரும் பகுதியைக் கற்றுவிட்டாள். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பல பயிற்சிகளில் வெட்டுவதும் ஒட்டுவதும் பெண்பிள்ளைகளுக்கும், பம்பு அடிப்பதும் கயிறு இழுப்பதும் ஆண்பிள்ளைகளுக்கும் தாமாகவே பங்காகிவிடுகின்றன. வேலையை முறைமாற்றிக் கொடுப்பது ஆசிரியரின் கடமை.

களத்துக்குச் செல்லுமுன் செய்யவேண்டிய காரியம் ஒன்று எந்தக் கையேட்டிலும் இராது. பயிற்சிக்கு முதல் நாள், பள்ளியைச் சூழ்ந்த வீடுகளுக்குப் பிள்ளைகளே சென்று, நாளைக் காலையில் இன்ன நேரத்தில் இன்ன வெளியிலே போத்தலைத் தண்ணீரால் ஏவப்போகிறோம், ‘டப்’ என்றொரு சத்தம் கேட்கும் என்று சொல்லிவருதல் வேண்டும். போத்தல் விடுபடும் ஓசை சிறியதே. ஆயினும் வானத்திலிருந்து எதுவோ இரைந்து வருவதைக் கண்டால் நெஞ்சு பதைக்கும் முதியோர் அவ்வூரிலே உள்ளனர். அவர்களுக்கு முன்னறிவிப்பின்றி ஓர் ஓசையைத் தருவது எந்த அறிவியலுக்கும் அழகன்று. அவர்களையும் வந்து பார்க்கும்படி அழைக்கட்டும். வராவிட்டால் வற்புறுத்தவேண்டாம். ரொக்கெட்டு என்னும் சொல்லைக் கேட்டு முகம் சுளிக்கும் பெற்றோருக்கு ஆசிரியர் பொறுமையோடு போத்தலையும் பம்பையும் காட்டி விளக்குவாராக. பிள்ளையை அனுப்ப மறுக்கும் தாயின் மறுப்புக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

காலை வேளையே ஏற்றது. வைகாசிக்குப் பின் கச்சான் காற்று எழுந்துவிட்டால், ரொக்கெட்டு எவ்வயலில் விழுமென்று சொல்லமுடியாது. மின்கம்பி, ஓட்டுக்கூரை, கட்டியிருக்கும் மாடு இவை அருகிலே இல்லாத வெளியாக இருக்கவேண்டும். ஏவுபீடத்தைச் சுற்றிப் பத்து மீற்றர் தூரத்திற் கயிற்றால் வட்டம் போட்டு, அதற்குள்ளே தண்ணீர் ஊற்றிப் பொருத்துபவரைத் தவிர எவரும் நில்லாதபடி பார்க்கவேண்டும். அவரும் பொருத்தியபின் வெளியே வந்தபிறகே காற்றடிக்கத் தொடங்கவேண்டும். ஆதலால் பம்புக்கும் பீடத்துக்கும் இடையே நீண்ட குழாய் தேவை. அமுக்கமானி உள்ள பம்பே வேண்டும். சதுர அங்குலத்துக்கு 50 இறாத்தலுக்கு மேற் செல்லலாகாது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிதல் வேண்டும். களத்தலைவராக ஒரு பிள்ளை நியமிக்கப்படுவார். ‘வானம் வெளியா? களம் வெளியா?’ என்று அவர் கேட்க, எல்லாரும் விடை சொன்னபின், ஐந்திலிருந்து கீழே எண்ணவேண்டும். ‘நிறுத்து’ என்று எவர் சொன்னாலும், அவர் மிகச் சிறிய பிள்ளையாக இருந்தாலும், எண்ணுவது நிற்கவேண்டும்.

கயிற்றை இழுத்தும் ரொக்கெட்டு எழாத நேரமே உண்மையான சோதனை. ஓடிப்போய்க் குனிந்து பார்க்கவே எல்லாக் கால்களும் துடிக்கும். அப்போது எவரும் அசையாமல் நின்று, பம்பின் பக்கத்திலிருந்தே காற்றைத் திறந்து விட்டு, அமுக்கமானி முற்றாக இறங்கியதைக் கண்ட பின்னரே ஆசிரியர் மட்டும் அருகிற் செல்லவேண்டும். இதனை மெய்யான தடங்கல் வருமுன் இருமுறை ஒத்திகை பார்த்தல் நன்று. வெடிக்காத வெடியை எட்டிப் பார்த்துக் கை இழந்தோரைப் பற்றிப் படுவான்கரையிற் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அசையாமல் நிற்கும் பழக்கம் தண்ணீர்ப் போத்தலிலே படிந்தால், வேறிடத்திலும் அது கைகொடுக்கக்கூடும். இப்பயிற்சியை இவ்வூரில் நடத்தவேண்டும் என்பதற்கு இதனினும் வலிய நியாயம் வேறில்லை.

பறந்த உயரத்தை அளக்காவிட்டால் அது வாணவேடிக்கையாகவே முடியும். பாகைமானியின் நடுவில் நூலைக் கட்டி ஒரு சிறு பாரத்தைத் தொங்கவிட்டு, அதன் நேர்விளிம்பு வழியே ரொக்கெட்டின் உச்சியை நோக்கவேண்டும். நூல் காட்டும் எண்ணை 90இலிருந்து கழித்தால் ஏற்றக்கோணம் வரும். கழிக்க மறப்பவர் எப்போதும் இருவராவது இருப்பர். ஏவுபீடத்திலிருந்து 40 மீற்றர் தள்ளி நிற்பவர் 35 பாகை கண்டாரென வைத்துக்கொள்வோம். நான்கு மீற்றருக்கு ஒரு சதமமீற்றர் என்ற அளவில் 10 சதமமீற்றர் அடிக்கோடு வரைந்து, 35 பாகையிற் சாய்கோடு இழுத்து, பீடத்தின் இடத்தில் நிலைக்குத்துக் கோடு எழுப்பினால், அது ஏழு சதமமீற்றர் வரும். எனவே உயரம் 28 மீற்றர், பார்ப்பவரின் கண்மட்டத்தையும் சேர்த்தால் 29 மீற்றருக்குச் சற்று மேல். திரிகோணகணிதம் படியாத பிள்ளையும் இதனைச் செய்யும். எதிர்ப்புறம் இன்னொருவர் நின்று பார்த்து, இருவர் விடையின் சராசரியை எடுத்தாற் காற்றினால் வரும் பிழை ஓரளவு குறையும்.

அந்த எண் கரும்பலகையில் ஏறியதும், கொடாட்டின் கதையை மீண்டும் எடுக்கலாம். உலகின் முதலாவது திரவ எரிபொருள் ரொக்கெட்டை அவர் 1926 மார்ச் 16ஆம் திகதி மாசசூசெற்சிலே ஏவினார். அது இரண்டரைச் செக்கன் பறந்து, 41 அடி உயரம் எழுந்து, 184 அடி தொலைவில் ஒரு கோவாத் தோட்டத்தில் விழுந்தது. 41 அடி என்பது பன்னிரண்டரை மீற்றர். தங்கள் போத்தல் அதனை விஞ்சிற்று என்று பிள்ளைகள் ஆரவாரிப்பர். ஆரவாரம் அடங்கியபின், எது எதனால் பறந்தது என்ற வேறுபாட்டைக் கேட்பது ஆசிரியரின் சாமர்த்தியம்.

விஞ்ஞானப் பட்டம் இல்லாதோர் இதனை நடத்தலாமா என்று தயங்கும் ஆசிரியர்கள் கிராமப் பாடசாலைகளில் உண்டு. ரொக்கெட்டுப் பயணத்தின் கணிதத்தை 1903ஆம் ஆண்டிலே வெளியிட்ட சியொல்கோவ்ஸ்கி, உருசியாவின் கலூகா என்னும் நகரிலே பாடஞ்சொன்ன பள்ளிக்கூட ஆசிரியர். பத்து வயதளவில் நோயினாற் செவிப்புலனைப் பெரும்பாலும் இழந்தவர். பெரும்பாலும் தாமே நூல்களைப் படித்துக் கற்றவர். கலைப்பட்டதாரியும் வரலாற்று ஆசிரியரும் ஒரு விஞ்ஞான ஆசிரியரின் துணையோடு இப்பயிற்சியைத் தாராளமாக நடத்தலாம். விடை தெரியாத கேள்வி வரும்போது, ‘ஏவிப் பார்ப்போம்’ என்று சொல்லத் தெரிந்திருந்தாற் போதுமானது.

மாரி தொடங்கி வட்டையிலே தண்ணீர் நின்றுவிட்டால் களம் இல்லை. அக்காலத்துக்குக் கடதாசி ரொக்கெட்டு உண்டு. மென்பானம் உறிஞ்சும் குழலின்மீது கடதாசியைச் சுருட்டி, ஒரு முனையை மூடி, சிறு செட்டை ஒட்டி, வாயால் ஊதி மண்டபத்துக்குள்ளேயே பறக்கவிடலாம். நூலிலே சுழற்றும் சோதனையும் கோணம் அளக்கும் கணக்கும் அதற்கும் பொருந்தும். போத்தல்களைப் பொறுத்தவரை, ஏவிய ஒவ்வொரு முறைக்கும் அதன்மேல் ஒரு கோடு இட்டு வரவேண்டும். பத்துக் கோடு ஆனதும், அல்லது எங்கேனும் வெள்ளைத் தழும்பு தென்பட்டதும், அப்போத்தலுக்கு ஓய்வு. அடிப்பகுதியை வெட்டி மண் நிரப்பினால், பாடசாலைத் தோட்டத்து மிளகாய்க் கன்றுக்கு அது நல்ல தொட்டியாகும்.